ஆப்பு இல்லாத துப்பாக்கி

காரணம் இல்லாமல் யாரும் இரும்பில் துளை போட மாட்டார்கள். ஒரு துளைக்கு டிரில் பிட் தேயணும், ஒரு ஆள் நிக்கணும், காசு செலவாகணும். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சதில் மனசில் உறுதியா நின்னது இதுதான்னு சொன்னா எங்க எச்.ஓ.டி. வருத்தப்படுவார். ஆனா இந்த ஒரு விஷயம் போன செமஸ்டரில் என் மாமாவுக்கு 500 டாலருக்கு மேல் மிச்சம் பண்ணிக் கொடுத்தது. பாகங்கள் காணாமல் போன 160 வருஷப் பழைய ரிவால்வர் ஒண்ணை எப்படிப் பார்க்கணும், என்ன விலை சொல்லணும், வாங்கின பிறகு என்ன செய்யக் கூடாது என்பதுதான் கதை.

மாமா, அதாவது அம்மாவோட தம்பி, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் இருக்கார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பேர் போன ஊர். மாமாவும் அப்படி ஒரு கம்பெனிக்குத்தான் கோட் எழுதுறார். ஆபீஸ் போற வழியில் ஐ-91 நெடுஞ்சாலையிலிருந்து ஒரு நீல நிற வெங்காயக் கூரை தெரியும். உடம்பெல்லாம் தங்க நட்சத்திரம், உச்சியில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் ஒரு குதிரைக்குட்டி. சாமுவேல் கோல்ட் கட்டின துப்பாக்கித் தொழிற்சாலை அது. 1864-ல் தீப்பிடிச்சு எரிஞ்சு, திரும்பக் கட்டினாங்க. “பதினோரு வருஷமா அந்தக் கூரையைப் பார்த்துக்கிட்டே போறேன்டா. அங்க செஞ்ச ஒரு சாமானைக்கூட கையில தொட்டதில்லை” என்பார் மாமா.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் 14 போட்டோ வந்தது. பக்கத்து ஊரில் பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் கோல்ட் 1849 பாக்கெட் மாடல் ரிவால்வர். சீட்டில் எழுதியிருந்த விலை 950 டாலர். கீழே மாமாவின் மெசேஜ்: “நீ மெக்கானிக்கல்தானே. பார்த்துச் சொல்லு.”

மெக்கானிக்கல் படிச்சா மிக்ஸி, ஃபேன், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் நம்ம பொறுப்பு என்பது உங்களுக்கே தெரியும். துப்பாக்கி மட்டும்தான் பாக்கி இருந்தது.

முதலில் அது எப்படி வேலை செய்யும்னு புரிஞ்சுக்கணும். இப்போ சினிமாவில் பார்க்கிற மாதிரி தோட்டா போடுற ரிவால்வர் இல்லை இது. சிலிண்டரில் இருக்கும் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கம் வழியா கருமருந்தைக் கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை வைக்கணும். பேரலுக்குக் கீழே ஒரு நீளமான நெம்புகோல் இருக்கும். பேர் லோடிங் லீவர். அதை அழுத்தினா குண்டு உள்ளே இறுகி உட்காரும். சிலிண்டரின் பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்ன முளை. அதன் மேல் தாமிரக் கேப் ஒண்ணை மாட்டணும். தீபாவளிக்கு நாம கல்லால் தட்டுற பொட்டு வெடி ஞாபகம் இருக்கா? அதே தத்துவம். ஹேமர் கேப்பை அடிக்கும், பொறி முளையின் துளை வழியா மருந்துக்குப் போகும்.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்த ரிவால்வருக்கு சிலிண்டருக்கு மேலே ஃபிரேம் கிடையாது. மொத்தப் பேரலையும் உடம்போடு பிடிச்சு வைக்கிறது குறுக்கே சொருகின ஒரு சின்ன இரும்புத் துண்டுதான். ஆங்கிலத்தில் வெட்ஜ். தமிழில் என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன். “ஆப்பு” என்றாள். ஆப்பு வைக்கிறதுன்னா நமக்கு வேற அர்த்தம்தானே தெரியும்? ஆப்பைப் பிடுங்கின குரங்கு கதையும் அப்போதுதான் முழுசாப் புரிஞ்சது. மாமா அனுப்பின ரிவால்வரில் ஏதோ ஒரு குரங்கு ஏற்கனவே பிடுங்கியிருந்தது. ஆப்பைக் காணோம். பேரல் கழன்று விழாமல் கடைக்காரர் ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தார்.

சனிக்கிழமை நம்ம நேரம் ராத்திரி 8 மணி, அங்கே காலை 10.30. மாமா கடையிலிருந்து வீடியோ கால் போட்டார். ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் என் தோளுக்குப் பின்னாடி.

நான் முதலில் சொன்னது விலையைப் பத்தி இல்லை. “மாமா, வாயை யார் பக்கமும் திருப்பாதீங்க. ஒவ்வொரு அறையிலும் டார்ச் அடிச்சு அடி தெரியுதான்னு பாருங்க.” பழசு, துருப்பிடிச்சது, பாகம் இல்லாதது, அதனால் ஆபத்து இல்லைன்னு நினைக்கிறது ரொம்பத் தப்பு. கருமருந்து நூறு வருஷம் கழிச்சும் உயிரோடு இருக்கும். 2008-ல் வர்ஜீனியாவில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் பண்ணும்போது அது வெடிச்சு, அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளரே செத்துப் போனார். போர் முடிஞ்சது 1865-ல். மாமா அஞ்சு அறையும் பார்த்தார். காலி.

அடுத்தது, இது அசல்தானா? 1950-களின் கடைசியிலிருந்து இத்தாலியில் இந்தப் பழைய மாடல்களை நகல் எடுத்துச் செய்யறாங்க. நல்ல நகல்களும் இருக்கு. ஆனா அங்கே செய்கிற துப்பாக்கிகளில் இத்தாலி அரசாங்கச் சோதனை முத்திரை குத்தியிருக்கும். அது இருக்கான்னு தேடினோம், இல்லை. அந்த முத்திரையை அரம் போட்டு அழிச்ச பள்ளமும் இல்லை. பேரல் மேலே கோல்ட் பேரும் நியூயார்க் முகவரியும் இருந்தது. “ஹார்ட்ஃபோர்டில் செஞ்சதுன்னுதானே வாங்க வந்தேன், நியூயார்க்னு போட்டிருக்கே” என்று மாமாவுக்கு முகம் சுருங்கிப் போச்சு. பயப்பட வேண்டாம்; ஹார்ட்ஃபோர்டில் செஞ்ச ரிவால்வர்களிலேயே அந்த முகவரியைத்தான் அதிகமாப் போட்டாங்க.

அப்புறம் விளிம்புகள். எட்டுப் பட்டைப் பேரல் அது. பட்டைகள் சந்திக்கும் கோடு கத்தி மாதிரி கூர்மையா இருந்தா, யாரும் பாலிஷ் சக்கரத்தில் தேய்க்கலைன்னு அர்த்தம். சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தா யாரோ பளபளப்பாக்க ஆசைப்பட்டிருக்காங்க. சிலிண்டரைச் சுத்தி குதிரை வண்டியைக் கொள்ளைக்காரர்கள் மறிக்கிற காட்சி ஒண்ணு இருக்கும். ரூபாய் நோட்டுக்கு அச்சுத் தகடு செதுக்குகிற ஆர்ம்ஸ்பி என்பவர் செஞ்ச படம். கடினமான உருளையால் அழுத்திப் பதிச்சது. ஆழம் ரொம்பக் குறைவு. கொஞ்சம் தேய்ச்சாலே போயிடும். மாமாவின் கேமராவில் ஒரு குதிரையின் பின்னங்காலும் ஒரு சக்கரமும் மங்கலாத் தெரிஞ்சது. ரூமில் எல்லாரும் கை தட்டினோம். துரு இருந்தது, ஆனா அது நேர்மையான துரு. பழைய பொருள் ஏதாவது உங்க கையில் கிடைச்சா தயவுசெய்து பித்தளையைப் பீதாம்பரி போட்டுத் தேய்ச்சுடாதீங்க. அந்தப் பொருள் அழுக்கா இருக்கிறதுக்கும் சேர்த்துத்தான் விலை.

இனிமேல்தான் நம்ம பாடம் வருது. மாமாவை எண்களைத் தேடச் சொன்னேன். இந்த ரிவால்வர்களில் பேரல், ஃபிரேம், ட்ரிகர் கார்டு, கைப்பிடிப் பட்டை, சிலிண்டர் எல்லாத்திலும் ஒரே சீரியல் எண்ணைக் குத்தியிருப்பாங்க. ஏன்? பாகங்களை மாத்தி மாத்திப் போட முடியும் என்பதுதானே கோல்ட் தொழிற்சாலையின் பெருமை? 1851-ல் லண்டன் கண்காட்சியில் தன் ரிவால்வர்களை வச்சு, அதே வருஷம் அங்குள்ள சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் மெஷினால் துப்பாக்கி செய்வதைப் பத்தி அவரே உரை படிச்சார். தொழிற்சாலையை நடத்தின எலிஷா ரூட் தன் காலத்தின் பெரிய இன்ஜினியர்களில் ஒருவர். அங்கே வேலை பார்த்த பிராட், விட்னி என்ற ரெண்டு பேர் பின்னாடி சொந்தமா மெஷின் டூல் கம்பெனி ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு விமான இன்ஜினில் பார்க்கிற பிராட் அண்ட் விட்னி என்ற பேர் அங்கிருந்து வந்ததுதான். அப்படிப்பட்ட இடத்தில் எதுக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் எண்?

பதில் நம்ம முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் இருக்கு. ஃபிட்டிங்கில் வி-கட் போட்டது ஞாபகம் இருக்கா? ரெண்டு துண்டை அரம் போட்டு, இடைவெளியில் வெளிச்சம் தெரியாத வரைக்கும் தேய்ச்சு, ரோல் நம்பர் குத்தி சார்கிட்ட கொடுத்தோம். என் துண்டை உங்க துண்டில் வச்சா உட்காராது. அளவு என்னவோ ஒரே டிராயிங்தான். கோல்ட் தொழிற்சாலையிலும் மெஷின் கிட்டத்தட்ட சரியான அளவுக்குக் கொண்டு வரும், கடைசி மயிரிழையை ஆள் அரம் போட்டுச் சரி பண்ணுவார். இரும்பு மென்மையா இருக்கும்போதே பொருத்திப் பார்த்து, எண் குத்தி, அப்புறம்தான் கடினப்படுத்துவாங்க. திரும்ப அதே எண்களைத் தேடி ஒண்ணு சேர்ப்பாங்க. டேவிட் ஹவுன்ஷெல் என்ற வரலாற்று ஆசிரியர் 1984-ல் எழுதின புத்தகத்தில் இதை விவரமாச் சொல்றார். அந்த எண் நம்ம ரோல் நம்பர் மாதிரிதான்: ‘என்னை என் ஜோடியோடு சேர்த்து வை, வேற யாரோடும் நான் சேர மாட்டேன்.’

மாமா வாங்க நினைச்ச ரிவால்வரில் பேரல், ஃபிரேம், ட்ரிகர் கார்டு, கைப்பிடிப் பட்டை நாலும் ஒரே எண். சிலிண்டரில் கடைசி ரெண்டு இலக்கம்தான் தெரிஞ்சது, அதுவும் பொருந்தியது. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துச் சொச்சம். அப்படின்னா 1860-களின் தொடக்கம். 160 வருஷமா இந்த அஞ்சு துண்டும் பிரியாம இருந்திருக்கு. எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, சொல்றதில் வெட்கம் இல்லை.

ஹேமரை மெதுவா இழுக்கச் சொன்னேன். பாதியில் ஒரு கிளிக், முழுசா இழுத்தா இன்னொரு கிளிக். பாதியில் நிறுத்தினா சிலிண்டர் சும்மா சுத்தணும், முழுசா இழுத்தா ஆடாமப் பூட்டிக்கணும். ரெண்டும் சரியா நடந்தது. உள்ளே இருக்கும் பட்டை ஸ்பிரிங் உயிரோடு இருக்கு.

காணாமல் போனவை: ஆப்பு, அஞ்சு முளையில் மூணு, அப்புறம் லோடிங் லீவர்.

லீவர் இல்லாததுக்குத்தான் அந்த 950 டாலர். சீட்டில் ‘வெல்ஸ் ஃபார்கோ மாடல்’ என்று எழுதியிருந்தது. 1849 பாக்கெட் ரிவால்வர் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல் செஞ்சாங்க, அதனால் சாதாரண மாடல் அபூர்வம் இல்லை. ஆனா அதில் லீவரே இல்லாமல் செஞ்ச ஒரு சின்ன வகை உண்டு. சேகரிக்கிறவங்க அதுக்கு வெல்ஸ் ஃபார்கோன்னு பட்டப்பேர் வச்சிருக்காங்க. அது குறைவு, அதனால் விலை அதிகம். கடைக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, அவர்கிட்ட வித்தவங்க சொன்னதை எழுதி வச்சிருப்பார். கேள்வி ஒண்ணுதான்: இதுக்கு லீவர் *எப்பவுமே இல்லையா*, இல்லை *இருந்து போயிடுச்சா*?

கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். லீவர் இல்லை, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு 950 டாலர், இன்னொண்ணு அதில் பாதிகூட இல்லை.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. லீவர் இருந்தா அது ஒரு ஸ்க்ரூவில் தொங்கணும். அந்த ஸ்க்ரூவுக்குப் பேரலின் அடிக்கட்டையில் குறுக்கே ஒரு துளை வேணும். லீவரின் மறு முனை தொங்காமல் இருக்க, பேரலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு சின்னக் கொக்கி வேணும். அந்தக் கொக்கி உட்கார புறாவால் வடிவத்தில் ஒரு காடி வெட்டணும். லீவர் இல்லாமல் பிறந்த ரிவால்வருக்கு இது எதுவுமே தேவையில்லை.

“மாமா, தலைகீழாத் திருப்புங்க. டார்ச்சை நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டில் படுக்க வச்சு அடிங்க.”

சாய்வான வெளிச்சத்தில் எல்லாம் தெரிஞ்சது. அடிக்கட்டையின் ரெண்டு பக்கமும் வட்டமா ஒரு நிழல். துளையை ஏதோ வச்சு அடைச்சு, சமமாத் தேய்ச்சிருந்தாங்க. பேரலுக்குக் கீழே, முன்னாடி, மத்த இரும்பைவிட வெளுத்த நிறத்தில் ஒரு சின்னக் கட்டம். காடியை நிரப்பின உலோகம். அடைச்சது யார், எந்தக் காலத்தில், எதுக்கு, தெரியாது. ஆனா அந்தத் துளை அங்கே இருந்திருக்கு. சும்மா ஒரு துளையை யாரும் போட மாட்டாங்க.

மாமா போனைக் கடைக்காரர் பக்கம் திருப்பினார். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு ரெண்டு நிமிஷம் பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாம பேனா எடுத்து சீட்டில் இருந்த மாடல் பேரை அடிச்சுட்டார். விலை 450-ல் தொடங்கி 425-ல் முடிஞ்சது. கூடவே ஒண்ணு சொன்னார்: இன்னொரு 150 டாலர் கொடுத்தா வேற ரிவால்வரிலிருந்து கழட்டின லீவர், ஆப்பு, முளை எல்லாம் போட்டு முழுசாக்கித் தர்றேன்.

மாமாவுக்கு ஆசை. முழுசா இருந்தா அழகாத்தானே இருக்கும்? நான் வேண்டாம்னு சொன்னேன். காரணம், அந்த அஞ்சு எண். இன்னொரு ரிவால்வரின் லீவரில் அதன் எண்தான் இருக்கும். அதை இதில் உட்கார வைக்க எதையாவது அரம் போட்டுத் தேய்க்கணும். தேய்ச்சா 1860-களில் யாரோ ஒரு தொழிலாளி விட்டுப் போன மயிரிழை அளவு போயிடும். இப்போ இருக்கிறது குறையுள்ள ஒரு உண்மை. 150 டாலர் செலவு பண்ணினா குறையில்லாத ஒரு பொய் கிடைக்கும். இன்னும் அம்பது வருஷம் கழிச்சு யாரோ ஒரு பையன் டார்ச் அடிச்சுக்கிட்டு உட்காரணும்.

ஆனா உண்மையில் முடிவு பண்ணினது நானும் இல்லை, மாமாவும் இல்லை. அத்தை. வீட்டில் ஒன்பது வயசுப் பொண்ணு இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி நாளே அத்தை என்கிட்ட தனியா போன் பண்ணினாங்க. “அது சுடுமா?” “இப்போ இருக்கிற நிலைமையில் சுடாது அத்தை. ஆப்பு இல்லாம பேரலே நிக்காது.” “அப்படின்னா ஆப்பு இல்லாமலே இருக்கட்டும். அப்படி இருந்தாத்தான் வீட்டுக்குள்ள வரும்.” அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. “இது யாரையாவது கொன்னிருக்குமா?”

எனக்குப் பதில் தெரியலை. பாக்கெட்டில் வச்சுக்க வசதியா, வியாபாரிகளும் வழிப்போக்கர்களும் வாங்கின மாடல் இது. இந்த ஒரு ரிவால்வர் அறுபது வருஷம் மேஜை டிராயரில் தூங்கியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லீவர் இருந்ததைத் துளை சொல்லும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற துளை எதுவும் அதில் இல்லை. அந்த மெஷினை நான் ரசிச்சது நிஜம். அத்தை கேட்டதிலிருந்து, அது எதைச் செய்யறதுக்காக அவ்வளவு துல்லியமாச் செய்யப்பட்டதுன்னு நினைக்காமல் ரசிக்க முடியலை என்பதும் நிஜம். நம்ம டிபார்ட்மென்ட்டில் டாலரன்ஸ் சொல்லிக் கொடுக்கறாங்க. எதுக்கான டாலரன்ஸ்னு யாரும் கேட்கிறதில்லை.

இதைப் படிச்சுட்டு ஊரில் தாத்தா வீட்டுப் பரணில் தேடப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க மத்தியச் சட்டம் வருஷத்தைப் பார்க்கும்: 1898-லோ அதுக்கு முன்னாடியோ செஞ்சிருந்தா அது பழம்பொருள். மாநிலச் சட்டம் தனி, மாமா அதையும் விசாரிச்சுட்டுத்தான் வாங்கினார். நம்ம நாட்டு ஆயுதச் சட்டம் 1959, வேற மாதிரி கேட்கும். அதன் 45-வது பிரிவில் பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனா பழுது பார்த்தாலும்கூட சுட முடியாத நிலையில் அது இருக்கணும். அதாவது ஆப்பைக் கழட்டி வச்சுட்டு ‘சார், இது சுடாது’ன்னு இங்கே சொல்ல முடியாது. ஆப்பு செஞ்சு போட்டா சுடுமே! அதனால் எதையாவது கண்டா கையில் எடுத்து ஆராயாமல், வீட்டுப் பெரியவங்க மூலமா போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்க. இந்தக் கண்ணை வேற பொருளில் பழக்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பூட்டு, கடிகாரம், தையல் மெஷின்னு எவ்வளவோ இருக்கு. எடுத்துத் தலைகீழாத் திருப்புங்க. இல்லாத பாகத்தைத் தேடாதீங்க, அது உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடுங்க.

ஒரு சின்னப் பிரச்சினை பாக்கி இருந்தது. ரப்பர் பேண்டோடு கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாமாவுக்கு மனசு வரலை. சரி, மரத்தில் ஒரு ஆப்பு செய்யலாம்னேன். மாமா வெர்னியர் வச்சுக் காடியை அளந்து அனுப்பினார், நான் டிராயிங் போட்டு அனுப்பினேன். முதல் தடவை வந்தது பக்கம் மாறின ஆப்பு. நாம படிக்கிறது ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். மாமா அந்த ஊர் வழக்கப்படி படிச்சுட்டார். டிராயிங் மூலையில் இருக்கும் அந்தக் கூம்புச் சின்னம் எதுக்குன்னு இப்போ எங்க ரூமில் எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது ஆப்பு சரியா உட்கார்ந்தது. அத்தையும் சம்மதிச்சாங்க, மருந்து வெடிக்கிற வேகத்தை மரம் தாங்காது, மூணு முளையும் இல்லை. அதுக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னேன். பழசு மாதிரி தெரியவே கூடாது.

இப்போ அது பூட்டின பெட்டியில் இருக்கு. பக்கத்தில் மாமா பொண்ணு எழுதின அட்டை. ஆங்கிலத்துக்குக் கீழே மாமா சொல்லச் சொல்ல, தமிழிலும் தப்பும் தவறுமா எழுதியிருக்கா. அதைத் திருத்தி இங்கே போடறேன்:

செய்த இடம்: ஹார்ட்ஃபோர்டு.
காலம்: 1860-களின் தொடக்கம்.
இருந்து காணாமல் போனவை: லோடிங் லீவர், முளை மூன்று, ஆப்பு.
அடைத்தவை: துளை ஒன்று, காடி ஒன்று. அடைத்தவர் தெரியாது.
நாங்கள் சேர்த்தது: சிவப்பு மர ஆப்பு ஒன்று.